விரிப்பின் ஓரத்தில் நிற்கும் அண்ணா: சிறாருக்கு மல்யுத்தம் கற்பிக்க வரும் மாணவ வீரர்களுக்கு

போட்டி நாள் காலை ஒன்றில், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைத் தோளோடு அணைத்துத் தாங்கியபடி, கல்லூரி மாணவர் ஒருவர் நான் அமர்ந்திருந்த மருத்துவ மேசையை நோக்கி விரைந்து வந்தார். சிறுவனின் உதடுகள் வெடித்திருந்தன. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதால் பேச்சு குழறியது. உட்கார்ந்திருந்தவனை எழுப்பி நிறுத்தியதும் கண் இருட்டுவதாகச் சொன்னான். முந்தைய நாள் மதியத்துக்குப் பிறகு அவன் தண்ணீர் குடிக்கவில்லை, இரவு உண்ணவில்லை, விடிந்ததும் இரண்டு ஸ்வெட்டர்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு அரங்கைச் சுற்றி ஓடியிருக்கிறான். 38 கிலோ எடைப் பிரிவில் நிற்பதற்காகத்தான் இவ்வளவும். "யாரப்பா உன்னை இப்படிச் செய்யச் சொன்னது?" என்று கேட்டேன். "யாரும் சொல்லல டாக்டர். அண்ணா அவரோட போட்டிக்கு முன்னாடி இப்படித்தான செய்வாரு" என்றான். அவனைத் தாங்கி நின்ற மாணவரின் கை, அவன் தோளிலிருந்து மெல்ல இறங்கியது.

அந்த மாணவருக்கு அப்போது இருபது வயது. நல்ல வீரர்; தன் கல்லூரிக்காகப் பல போட்டிகளில் வென்றவர். தலைமைப் பயிற்சியாளருக்கு உதவியாகச் சிறுவர் குழுவுடன் நிற்கத் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. எடையைக் குறைக்கும்படி அவர் எந்தச் சிறுவனிடமும் ஒருபோதும் சொன்னதில்லை. மாறாக, நன்றாகச் சாப்பிடுங்கள் என்றே சொல்லி வந்திருக்கிறார். ஆனால் பிள்ளைகள் அவர் சொன்னதைக் கேட்டதைவிட, அவர் செய்ததைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். விளையாட்டு மருத்துவராக மல்யுத்த விரிப்புகளின் ஓரத்தில் பல பருவங்களைக் கழித்தவன் என்ற முறையில், பயிற்சியளிக்கத் தொடங்கும் ஒவ்வொரு மாணவ வீரரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: உங்களிடமுள்ள பிடிகளைக் கற்றுக்கொள்ளும் முன்பே பிள்ளைகள் உங்களைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். வலியை நீங்கள் மறைக்கும் விதம், தோற்ற பிறகு நீங்கள் உட்காரும் விதம், எடைக் கருவியின் மேல் ஏறும்போது உங்கள் முகம் மாறும் விதம் ஆகிய எல்லாமே அவர்களுக்குப் பாடமாகின்றன.

நன்றாக மல்யுத்தம் செய்யத் தெரிந்தவருக்கு நன்றாகக் கற்பிக்கவும் தெரியும் என்ற எண்ணம் எல்லோரிடமும் இருக்கிறது. அமெரிக்க வீரர் டான் கேபிள், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் எதிராளிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் தங்கம் வென்றவர். அதே ஆண்டு ஐயோவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், 1976 வரை இன்னொருவரின் கீழ் உதவிப் பயிற்சியாளராகவே பணியாற்றினார். அதன் பிறகு தலைமைப் பொறுப்பேற்று 15 தேசியக் கல்லூரி சாம்பியன் பட்டங்களை அவர் பெற்றுத் தந்ததைப் பலரும் பேசுகிறார்கள். அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளை யாரும் பேசுவதில்லை. ஒலிம்பிக் தங்கம் வென்றவருக்கே அந்தக் காலம் தேவைப்பட்டது என்றால், இன்னும் போட்டியிட்டுக்கொண்டும் படித்துக்கொண்டும் இருக்கும் ஒரு மாணவரிடம் இருபது பிள்ளைகளைத் தனியாக ஒப்படைத்துவிட்டு மூத்தவர்கள் விலகிக்கொள்வது எந்த வகையிலும் நியாயமல்ல. இந்தக் கட்டுரையை மாணவப் பயிற்சியாளர்களுக்காகவே எழுதுகிறேன் என்றாலும், அவர்களை விரிப்புக்கு அனுப்பும் பெரியவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

எடை பற்றித்தான் மிகுதியாகப் பேச வேண்டியிருக்கிறது. 1997ஆம் ஆண்டின் இறுதியில், ஆறு வாரங்களுக்குள், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் இறந்தார்கள். மூவரும் இளைஞர்கள், நல்ல உடல்நலத்துடன் இருந்தவர்கள். நீரைத் தவிர்த்து, வியர்வை வெளியேறாத உடைகளை அணிந்து, சூடான அறையில் கடும் உடற்பயிற்சி செய்து, குறுகிய நேரத்தில் பல கிலோக்களை இறக்க முயன்றபோது அவர்களின் உடல் வெப்பம் கட்டுப்பாட்டை மீறியது. அதற்குப் பிறகுதான் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் ரப்பர் உடைகளும், சானா என்னும் வெப்ப அறைகளும், சிறுநீர் பெருக்கி மாத்திரைகளும் எடைக் குறைப்புக்குத் தடை செய்யப்பட்டன. எடை பார்க்கும் நேரமும் போட்டிக்கு நெருக்கமாகக் கொண்டுவரப்பட்டது. பள்ளி அளவிலும் விதிகள் வந்தன. அங்கு ஒரு மாணவர் உடலில் போதிய நீர் இருக்கும் நிலையில் கொழுப்பின் அளவைக் கணக்கிட்டு, அது ஆண்களுக்கு 7 சதவீதத்துக்கும் பெண்களுக்கு 12 சதவீதத்துக்கும் கீழே போகாத வகையில் அவரது குறைந்தபட்ச எடையைத் தீர்மானிக்கிறார்கள். அந்த எடையை நோக்கி இறங்கும்போதும் ஒரு வாரத்தில் உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது.

இந்தக் கணக்கை ஒரு குழந்தையின் உடலுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும். 38 கிலோ உள்ள ஒருவருக்கு 1.5 சதவீதம் என்பது 570 கிராம். அதுவும் பள்ளி இறுதி வகுப்புகளில் இருக்கும் வளர்ந்த மாணவர்களுக்காக வகுத்த எல்லை. அந்தச் சிறுவன் ஒரே இரவில் இரண்டு கிலோவை இறக்க முயன்றிருந்தான். அது அவன் உடல் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. ஒரே இரவில் இறங்கும் எடை கொழுப்பாக இருக்க முடியாது. இரத்தத்திலும் தசையிலும் இருக்கும் நீர்தான் அப்படி இறங்குகிறது. நீர் குறைந்த உடலில் இதயம் விரைவாகத் துடிக்க வேண்டியிருக்கிறது, வியர்த்துக் குளிரும் திறன் குறைகிறது, கவனம் சிதறுகிறது. அந்த நிலையில்தான் பிள்ளையை நாம் இன்னொரு பிள்ளையின் பிடிக்குள் அனுப்புகிறோம்.

உலகத் தரத்திலுள்ளவர்களுக்கே எடைக் கருவி இரக்கம் காட்டுவதில்லை என்பதை 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் எல்லோரும் பார்த்தோம். இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றிருந்த வினேஷ் போகத், 50 கிலோ பிரிவில் இரண்டாம் நாள் காலை எடை பார்த்தபோது 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். மருத்துவர்களும் உணவியல் வல்லுநர்களும் இரவு முழுவதும் உடனிருந்தும் முடியாமல் போன ஒன்றை, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு தனியாகச் செய்து பார்க்கிறான். அன்று பல பிள்ளைகள் தங்கள் பயிற்சியாளர்களிடம் இதைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு, "உன் வயதில் எடையைக் குறைக்கவே வேண்டியதில்லை, வளர்கிற உடலுக்கு எந்தப் பிரிவோ அந்தப் பிரிவில் நிற்போம்" என்ற பதில் கிடைத்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அந்தப் பதிலைச் சொல்லும் துணிவு மாணவப் பயிற்சியாளருக்கு வேண்டும். ஒரு பிரிவு மேலே நின்றால் தோற்றுவிடுவான் என்று பெற்றோர் வாதிடுவார்கள், தோற்கலாம். வளரும் பருவத்தில் உண்ணாமல் இருந்து வென்ற ஒரு பதக்கத்தைவிட, நன்றாக உண்டு தோற்ற பத்துப் போட்டிகள் ஒரு வீரனை உருவாக்குவதில் அதிகம் உதவும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு பிள்ளை திடீரென்று தண்ணீர் புட்டியைத் தவிர்த்தாலோ, அடிக்கடி துப்பிக்கொண்டே இருந்தாலோ, வெயிலில் தடித்த உடையோடு ஓடினாலோ, எடை பார்த்ததும் வெறிகொண்டதுபோல் உண்டாலோ, அதை அன்றே தலைமைப் பயிற்சியாளரிடமும் பெற்றோரிடமும் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளிடம் இன்னும் கூடுதல் கவனம் தேவை. மாதவிடாய் தள்ளிப்போவதையோ நின்றுபோவதையோ கடும் பயிற்சியின் இயல்பான விளைவு என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் விளையாட்டுக் களங்களில் இன்றும் இருக்கிறது. உடலுக்குத் தேவையான ஆற்றல் உணவிலிருந்து வந்து சேரவில்லை என்பதற்கு அது முதல் அடையாளமாக இருக்கலாம். எலும்பின் வலிமையும் அதனோடு சேர்ந்து குறையும். இதை ஓர் இளம் ஆண் பயிற்சியாளர் நேரடியாகக் கேட்பது பொருத்தமாக இருக்காது என்பதால், குழுவோடு பொறுப்பான பெண் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். எடை பார்க்கும் இடத்திலும் அப்படியே. சிங்லெட் என்னும் மல்யுத்த உடையை அணிந்தே எடை பார்க்க வேண்டும் என்று சர்வதேச விதிகளே சொல்லும்போது, சில கிராம்களுக்காக எந்தப் பிள்ளையும் உடை களைய வேண்டிய தேவை இல்லை.

உடல் வளர்ச்சி பற்றிய பாடம் எனக்கு ஒரு முழங்கையில் தொடங்கியது. தோளில் சுமந்து எறியும் ஃபயர்மேன்ஸ் கேரி என்ற பிடியைக் கற்பிக்க நினைத்த மாணவர் ஒருவர், முப்பது கிலோகூட இல்லாத சிறுவனை முன்னால் அழைத்து, தானே அவனைத் தூக்கிக் காட்டினார். அவர் எடை எழுபதுக்கும் மேல். வழக்கமாகத் தனக்கு இணையானவரைத் தூக்கும் விசையிலேயே தூக்கியதால், சிறுவன் அவர் எதிர்பார்த்ததைவிட உயரமாகவும் வேகமாகவும் சுழன்றான். விழும்போது, கீழே விழுகிற எந்த மனிதரும் செய்வதுபோலக் கையை நீட்டி ஊன்றினான். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தது. அதிர்ச்சியில் அந்த மாணவர் கையை நேராக்கப் பார்த்தார். நல்லவேளையாக அருகிலிருந்த ஒருவர் தடுத்துவிட்டார். உருக்குலைந்த முழங்கையை அது இருக்கும் நிலையிலேயே தாங்கிக் கட்டி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். விரல்கள் குளிர்ந்தோ வெளுத்தோ மரத்தோ போயிருந்தால் ஒரு நிமிடத்தையும் வீணாக்கக் கூடாது.

வளரும் எலும்பின் முனைகளில் வளர்ச்சித் தட்டு என்னும் மென்மையான பகுதி இருக்கிறது. பெரியவர்களுக்குத் தசைநார் கிழிகிற அதே விசையில், பிள்ளைகளுக்கு அந்தத் தட்டு விலகவோ முறியவோ செய்யலாம். ஆகவே, "சுளுக்குதான், உதறிவிட்டு வா" என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். மூட்டுக்கு அருகே எலும்பைத் தொட்டாலே வலிக்கிறது என்றால் அது எலும்பு முறிவுதான் என்று எடுத்துக்கொண்டு நடப்பதே சரி. இன்னொன்றையும் சிறுவர் குழுக்களில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உயரம் வேகமாகக் கூடும் பருவத்தில், முழங்கால் சில்லுக்குக் கீழே, கால் எலும்பின் முன்பக்கம் ஒரு புடைப்பு தோன்றி, மண்டியிடும்போதெல்லாம் வலிக்கும். தொடைத் தசையின் நாண் வளரும் எலும்பை இழுப்பதால் வருவது அது. வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். ஆனால் மல்யுத்தத்தில் எதிராளியின் காலைப் பிடிக்க நுழையும் ஒவ்வொரு முறையும் முழங்கால் விரிப்பில் மோதுகிறது. அந்தப் பிள்ளைக்கு முழங்கால் உறை கொடுத்து, நுழையும் பயிற்சியின் எண்ணிக்கையைக் குறைத்து, நின்றபடி கைப்பிடிக்காகப் போராடும் பயிற்சியைக் கூட்டினால் அவன் பருவம் முழுவதும் குழுவோடு இருக்க முடியும். சோம்பேறி என்று பெயர் வைத்தால் அடுத்த மாதம் வரமாட்டான்.

பெண் பிள்ளைகளுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு வயதையொட்டியும், ஆண் பிள்ளைகளுக்குப் பதினான்கு வயதையொட்டியும் அந்த வேக வளர்ச்சி உச்சத்தை எட்டுகிறது. ஆனால் ஒவ்வொருவருக்கும் அது வேறு நாளில் வரும். பதின்மூன்று வயதுள்ள இருவர் ஒரே எடையில் நிற்கலாம்; ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், மற்றவன் இன்னும் குழந்தையாகவே இருப்பான். எடையை மட்டும் பார்த்து அவர்களை ஜோடி சேர்த்தால் வலு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். எடையோடு வளர்ச்சி, அனுபவம், அன்றைய மனநிலை ஆகியவற்றையும் பார்த்தே ஜோடி சேர்க்க வேண்டும். பிடியைச் செய்து காட்டும்போதும் ஒத்த அளவுள்ள இரு பிள்ளைகளை வைத்து மெதுவாகக் காட்டுங்கள். முடியாவிட்டால் இன்னொரு பெரியவரை அழைத்துக்கொள்ளுங்கள்.

கற்பிப்பது என்பது எவ்வளவு வேறான திறன் என்பதை அந்த இருபது வயது மாணவரிடமே பிறகு பார்த்தேன். இரு கால்களையும் சேர்த்துப் பிடிக்கும் முறையை ஒரு சிறுமிக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் ஒருமுறை நுழைந்ததும், தலை தாழ்ந்துவிட்டது, முதுகு வளைந்துவிட்டது, முன்கால் எட்டவில்லை, கை தளர்ந்திருக்கிறது, பின்கால் வரவில்லை என்று ஒரே மூச்சில் ஐந்து திருத்தங்களைச் சொன்னார். ஐந்தும் சரி. அவள் மறுபடி நின்றபோது உடல் கல்லாகிவிட்டது; எதை முதலில் செய்வதென்று தெரியாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலைமைப் பயிற்சியாளர் அருகே போய், "நீ நுழையும்போது எதிரில் நிற்பவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே போ" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். முகத்தைப் பார்த்தால் தலை நிமிர வேண்டும். தலை நிமிர்ந்தால் முதுகு தானாக நிமிரும். முதுகு நிமிர்ந்தால் இடுப்பு கீழே இறங்கி, கால் முன்னே எட்டும். அடுத்த மூன்று முயற்சிகளுக்குள் ஐந்தில் மூன்று தவறுகள் காணாமல் போயின. எந்தத் தவறு மற்றவற்றுக்குத் தாயாக இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பயிற்சியாளரின் கண். தன் உடலால் அந்தப் பிடியை ஆயிரம் முறை செய்தவருக்கும் அந்தக் கண் தானாக வந்துவிடாது. மருத்துவனாகவும் அந்த வாக்கியத்தை நான் பாராட்டுகிறேன்: தலை தாழ்ந்து நுழையும் பிள்ளையின் உச்சந்தலை எதிராளியின் இடுப்பில் மோதினால், அந்த விசை முழுவதும் கழுத்தெலும்புகளில் இறங்கும்.

இதே காரணத்துக்காக, முதல் சில வாரங்களில் விழக் கற்பிப்பதற்கே நேரம் ஒதுக்குங்கள்: தாடையை மார்போடு ஒட்டி, கையை ஊன்றாமல், முதுகை உருட்டி விழுவது. முழங்காலைத் தொடும் விளையாட்டு, எதிராளியை வட்டத்துக்கு வெளியே தள்ளும் விளையாட்டு, இடுப்பில் செருகிய துணியைப் பறிக்கும் விளையாட்டு ஆகியவற்றில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே நிலைப்பாட்டையும் தூரத்தையும் கற்றுக்கொள்கிறார்கள். கழுத்தைச் சுற்றிப் பிடித்துத் தூக்கி எறியும் ஹெட்லாக், சிறுவர் போட்டிகளில் விரைவாக வெற்றி தருகிறது என்பதால் பல இளம் பயிற்சியாளர்கள் அதையே முதலில் கற்பிக்கிறார்கள். அந்தப் பிள்ளை இரண்டு ஆண்டுகள் வெல்வான். பிறகு எதிராளிகள் முதுகுப்பக்கம் சுற்றிவரக் கற்றுக்கொண்டதும் அவன் கையில் வேறு எதுவும் இருக்காது. இரு அக்குள்களின் வழியாகவும் கைகளை நுழைத்துப் பிடரியில் கோர்த்து அழுத்தும், கழுத்துக்கு ஆபத்தான டபுள் நெல்சன் பிடி 15 வயதுக்குட்பட்டோர், 17 வயதுக்குட்பட்டோர் பிரிவுகளில் சர்வதேச விதிகளாலேயே தடை செய்யப்பட்டிருக்கிறது. உங்கள் வயதுப் பிரிவில் அது அனுமதிக்கப்பட்டிருப்பதால் கைப்பழக்கத்தில் அதைக் காட்டிவிடாதீர்கள்.

தலையில் அடிபட்ட பிள்ளை விஷயத்தில் பேரம் பேச இடமே கிடையாது. விரிப்பில் தலை மோதிய பிறகு ஒரு பிள்ளை மெதுவாக எழுந்தாலோ, தள்ளாடினாலோ, வெறித்துப் பார்த்தாலோ, இப்போது எத்தனை புள்ளி என்று கேட்டால் விழித்தாலோ, தலைவலி, குமட்டல், மங்கலான பார்வை என்று எதைச் சொன்னாலோ, அன்று அவன் மீண்டும் விரிப்பில் ஏறக் கூடாது. மூளை அதிர்ச்சிக்கு நினைவிழப்பு கட்டாயமில்லை. பெரும்பாலானோர் மயங்கி விழுவதே இல்லை. கழுத்து வலி, கைகால் மரத்தல், வலிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே அவசர சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். கழுத்தில் காயம் இருக்கலாம் என்று சந்தேகித்தால் அவனை அசைக்காமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். முதல் ஒன்றிரண்டு நாட்கள் ஓய்வாக இருந்து, பிறகு நடை, மெல்லோட்டம், தொடுதலற்ற பயிற்சி என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் விட்டு, மருத்துவர் அனுமதித்த பிறகே மோதல் பயிற்சிக்குத் திரும்ப வேண்டும். பிள்ளைகள் முழுமையாகத் தேற நான்கு வாரங்கள் வரை ஆவது இயல்பே. இங்கேதான் மாணவ வீரரின் சொந்த அனுபவம் குறுக்கே நிற்கிறது. "எனக்கும் இப்படி ஆகியிருக்கிறது, அடுத்த சுற்றிலேயே இறங்கினேன்" என்று பெருமையாகச் சொன்ன ஒருவரிடம், அந்தக் கதையைப் பிள்ளைகள் காதில் விழும்படி இனிச் சொல்லாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டேன். அவர் அதைக் காப்பாற்றினார்.

தோல் நோய்களைப் பலர் சிறிய விஷயமாக நினைக்கிறார்கள். 1989இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடந்த உயர்நிலைப் பள்ளி மல்யுத்த முகாம் ஒன்றில் கலந்துகொண்ட 175 பேரில் 60 பேருக்கு ஹெர்பீஸ் என்னும் வைரஸால் வரும் கொப்புளங்கள் பரவின. முகமும் முகமும் உரசும் விளையாட்டு இது. அந்தக் கிருமி கண்ணுக்குள் போனால் பார்வையே பாதிக்கப்படலாம். படர்தாமரையும் சீழ்க்கொப்புளங்களும் அதைவிடச் சாதாரணமாகப் பரவுகின்றன. ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் முகம், கழுத்து, கைகளை ஒரு பார்வை பாருங்கள். வட்டமாகத் தடித்து ஓரம் சிவந்த திட்டு, கொத்தாகக் கொப்புளங்கள், தேன் நிறத்தில் காய்ந்த பொருக்கு ஆகியவற்றில் எதைக் கண்டாலும், ஒட்டுத்துணியால் மூடிக்கொண்டு இறங்கச் சொல்லாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். அதை எல்லோர் முன்னிலும் சத்தமாகச் சொல்லாமல் தனியாக அழைத்துச் சொல்வது முக்கியம், ஏனென்றால் ஒருமுறை கேலிக்குள்ளான பிள்ளை அடுத்த முறை அதை மறைத்துக்கொண்டு வரும். விரிப்பை நாள்தோறும் கிருமிநாசினியால் துடைப்பதும், மல்யுத்தக் காலணியோடு கழிவறைக்குப் போகாமல் இருப்பதும், பயிற்சி முடிந்ததும் குளிப்பதும், துண்டைப் பகிராமல் இருப்பதும் நீங்கள் செய்தால் அவர்களும் செய்வார்கள். காது மடல் வீங்கி மிருதுவாக இருந்தால் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் மருத்துவரிடம் காட்டி உள்ளே தேங்கிய இரத்தத்தை வெளியேற்ற வேண்டும்; விட்டுவிட்டால் குருத்தெலும்பு இறுகி உருமாறிவிடும். உருமாறிய காதை வீரத்தின் அடையாளமாகச் சிறுவர்கள் வியந்து பார்ப்பதை நான் அறிவேன். காதுக் கவசத்தை நீங்களும் அணியுங்கள்.

உடலோடு உடல் உரசும் விளையாட்டு என்பதால் தொடுதலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிடியைத் திருத்தத் தொடும் முன் எங்கே, எதற்காகத் தொடப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். எந்தப் பிள்ளையுடனும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். கைப்பேசிச் செய்திகளைப் பெற்றோரும் இருக்கும் குழுவிலேயே அனுப்புங்கள். இது பிள்ளைகளையும் காக்கிறது, உங்களையும் காக்கிறது.

போட்டியின்போது ஓரத்தில் அமரும் நாற்காலியில் உட்கார்ந்ததும் மாணவப் பயிற்சியாளருக்குத் தானே விரிப்பில் இருப்பதுபோலத் தோன்றிவிடுகிறது. 15, 17 வயதுக்குட்பட்டோர் பிரிவுகளில் இரண்டு நிமிடங்கள் கொண்ட இரு பகுதிகள், நடுவில் 30 விநாடி இடைவேளை. அந்த 30 விநாடிகளில் பத்தை மூச்சு வாங்க விடுங்கள், பத்தில் தண்ணீர் கொடுங்கள், மீதியில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். தோற்று வருகிற பிள்ளையிடம் முதல் சில நிமிடங்கள் நுட்பம் பேசாதீர்கள். அழுதால் அழட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அன்று மாலை அவனே வந்து, "அந்தப் பிடியில எப்படி மாட்டினேன் அண்ணா?" என்று கேட்பான், அப்போது சொல்லிக் கொடுங்கள்.

கடைசியாக, உங்களைப் பற்றி. காலையில் உங்கள் சொந்தப் பயிற்சி, பகலில் வகுப்பு, மாலையில் சிறுவர் குழு, இரவில் தேர்வுக்குப் படிப்பு என்று பல மாதங்கள் ஓடுகிறவர்களை நான் பார்க்கிறேன்; அவர்கள் பயிற்சியாளர்களாக அல்ல, நோயாளிகளாக என்னிடம் வருகிறார்கள். களைத்திருக்கும் நாளில் கண் மந்தமாகிவிடும், குரல் ஏறிவிடும். அன்று தலைமைப் பயிற்சியாளரிடம் சொல்லி விடுப்பு எடுப்பதில் தவறில்லை. பிள்ளைகளுக்கும் அளவு உண்டு: ஒரு பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்தில் அத்தனை மணி நேரத்துக்கு மேல் ஒழுங்கமைத்த பயிற்சி வேண்டாம் என்பதும், வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும் என்பதும் விளையாட்டு மருத்துவத்தில் நாங்கள் கைக்கொள்ளும் எளிய எல்லைகள்.

அந்தச் சிறுவன் அன்று போட்டியிடவில்லை. உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறுகச் சிறுகக் குடித்து, மதியம் சிறுநீர் கழித்த பிறகே அவனை வீட்டுக்கு அனுப்பினேன். அந்த மாணவர் அதுவரை அவன் அருகிலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த பருவத்தில் அவர் தன் எடைப் பிரிவை ஒன்று உயர்த்திக்கொண்டார். எடை பார்க்கும் நாட்களில் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது, ஒரு பெரிய தண்ணீர் புட்டியோடு அவர்கள் கண்ணில் படும் இடமாகப் பார்த்து நின்று, முதலில் தான் குடித்துவிட்டு வரிசையில் முன்னால் நிற்பவனிடம் நீட்டுகிறார்.